இணைய உலாவிகளின் சந்தைப் போட்டியும் தமிழ் வாசகனும்: ஒரு வரலாற்று நோக்கு

வணிகப் போட்டிகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் போட்டியிட்ட நிறுவனங்களின் பக்கத்திலிருந்தே அதனை நோக்குவர். எந்த நிறுவனம் சந்தையில் எத்தனை வீதத்தைப் பிடித்தது, எது எப்போது வீழ்ந்தது, எந்த நீதிமன்று என்ன தீர்ப்பளித்தது என்பனவே அவ்வரலாற்றின் அத்தியாயங்களாக அமைகின்றன. பொருளைப் பயன்படுத்தியவன், அதிலும் சந்தையின் ஓரத்தில் நின்று பயன்படுத்தியவன், அதில் ஒரு வீதக் கணக்காக மாத்திரமே இடம்பெறுகிறான். இணையப் பக்கங்களை வாசிக்க உதவும் உலாவி என்னும் மென்பொருளின் வரலாறும் இதற்கு விலக்கன்று.

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என அம்பாறைக் கரையோரத்தில் அமைந்த ஊர்களின் முஸ்லிம் வாசகனுக்கு இவ்வரலாறு வேறொரு வினாவோடு தொடங்குகின்றது. அவனது தாய்மொழி தமிழ். அவனது மார்க்கக் கல்வியின் மொழி அறபு. ஒன்று இடமிருந்து வலமாகவும் மற்றையது வலமிருந்து இடமாகவும் எழுதப்படுவது. எழுத்துகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினாற் போதும் என்ற ஆங்கில முறைக்கு இரண்டுமே அடங்குவனவல்ல. ஆகவே, உலாவிகளுள் எது விரைவானது, எது வசதியானது என்று கேட்பதற்கு முன்னர், எது தன் எழுத்தைச் சிதைக்காது காட்டும் என்று கேட்க வேண்டிய நிலையில் அவன் இருந்தான். உலாவிச் சந்தையின் ஏற்றவிறக்கங்கள் அவ்வினாவுக்குக் காலத்துக்குக் காலம் எவ்வாறு விடையளித்தன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலாவது போட்டி

உலகின் முதலாவது உலாவியை 1990 ஆம் ஆண்டின் இறுதியில், ஜெனீவாவுக்கு அண்மையிலுள்ள சேர்ன் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய டிம் பேர்ணர்ஸ் லீ ஆக்கினார். எனினும், 1993 இல் ஐக்கிய அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் உருவான ‘மொசைக்’ என்னும் உலாவியே பொதுமக்களை இணையத்தின்பால் ஈர்த்தது. அதனை ஆக்கிய மாணவர்களுள் ஒருவரான மார்க் அன்ட்ரீசன் பின்னர் நெட்ஸ்கேப் நிறுவனத்தைத் தோற்றுவிப்பதிற் பங்கேற்றார். அந்நிறுவனத்தின் ‘நவிகேட்டர்’ 1994 டிசம்பரில் வெளிவந்து, குறுகிய காலத்திலேயே சந்தையின் பெரும்பகுதியைத் தனதாக்கிக் கொண்டது. 1995 ஒகஸ்ட் 9 ஆம் திகதி நெட்ஸ்கேப்பின் பங்குகள் முதன்முதலாக விற்பனைக்கு வந்தன. அதே மாதத்தில் மைக்ரோசொப்ட் நிறுவனம் தனது ‘இன்டர்நெட் எக்ஸ்புளோரர்’ உலாவியின் முதற்பதிப்பை வெளியிட்டது.

அதே ஆண்டு ஒக்டோபர் 23 ஆம் திகதியன்றே தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி ஆரம்பிக்கப்பட்டது என்பதை இவ்விடத்து நினைவுகூர்தல் பொருந்தும். யுத்தச் சூழலினால் கல்வி தடைப்பட்ட மாணவர்களுக்கென உருவான அக்கல்லூரி அடுத்த ஆண்டே பல்கலைக்கழகமாகி, இன்று ஒலுவிலில் நிலைபெற்றுள்ளது. இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடையே காரணகாரியத் தொடர்பு எதுவுமில்லை. ஆயினும் இப்பிரதேசத்தின் பல்கலைக்கழகக் கல்வியும் உலாவிப் போட்டியும் ஒரே வயதினவாதலின், இங்குத் தோன்றிய ஆய்வெழுத்துகள் யாவும் அப்போட்டியின் காலத்துக்குள்ளேயே எழுதப்பட்டவையாகும்.

போட்டி எவ்வாறு தீர்மானிக்கப்பட்டது? நெட்ஸ்கேப் வணிக நிறுவனங்களிடம் தன் உலாவிக்குப் பணம் அறவிட்டது. மைக்ரோசொப்டோ எக்ஸ்புளோரரை இலவசமாக வழங்கியதோடு, தன் விண்டோஸ் இயங்குதளத்தோடு பிணைத்தும் கொடுத்தது. கணினியை வாங்கியவன் அதனை இயக்கியபோது எக்ஸ்புளோரர் அங்கே ஏலவே இருந்தது. இருப்பதை விடுத்து இல்லாததைத் தேடிச் செல்வோர் எக்காலத்தும் சிலரே. சந்தையின் வாயிலை வைத்திருப்பவனே சந்தைக்குள் எக்கடை முன்னே இருக்க வேண்டும் என்பதையும் தீர்மானிப்பான் என்ற பழைய உண்மை இங்கும் மெய்ப்பிக்கப்பட்டது.

1998 மே 18 ஆம் திகதி அமெரிக்க நீதித் திணைக்களமும் பல மாநிலங்களும் மைக்ரோசொப்டுக்கு எதிராக வழக்குத் தொடுத்தன. அந்நிறுவனத்தை இரண்டாகப் பிரிக்குமாறு நீதிபதி தோமஸ் பென்பீல்ட் ஜக்சன் 2000 யூனிற் கட்டளையிட்டார். மறுவருடம் மேன்முறையீட்டு நீதிமன்று, சட்டவிரோதமாக ஏகபோகத்தைப் பேணியமை பற்றிய முடிவை உறுதிசெய்தபோதிலும், பிரிக்கும் கட்டளையை நீக்கிவிட்டது. நீதி வருவதற்குள் சந்தை முடிவு கட்டிவிட்டது. நெட்ஸ்கேப்பை ஏ.ஓ.எல். நிறுவனம் வாங்குவது 1998 நவம்பரிலேயே அறிவிக்கப்பட்டிருந்தது. இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் உலக உலாவிப் பயன்பாட்டில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட பங்கு எக்ஸ்புளோரரிடமே இருந்தது.

தமிழ் எழுத்தின் நிலை

இப்போட்டி நிகழ்ந்த காலத்தில் கணினித் தமிழுக்குப் பொதுவான குறிமுறை ஒன்று நடைமுறையில் இருக்கவில்லை. 1991 இல் வெளியான யுனிகோட் தரத்தில் தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்ததாயினும், அதனைக் காட்டவல்ல கணினிகள் சாதாரண மக்களிடம் இல்லை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் பொருத்திய எழுத்துருக்களே வழக்கில் இருந்தன. இலங்கையின் தமிழ் அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் நெடுங்காலம் கோலோச்சிய ‘பாமினி’ இவ்வகையினது. பாமினியில் எழுதப்பட்ட ‘தமிழ்’ என்னும் சொல், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகத் தோன்றும். அதாவது, கணினியின் நினைவகத்தில் தமிழ் இருக்கவேயில்லை. தமிழ் போன்ற தோற்றமே இருந்தது.

இணையத்தில் தமிழ்ப் பக்கங்களை வெளியிட்டோர் ஆளுக்கொரு குறிமுறையைக் கைக்கொண்டனர். 1997 இல் சிங்கப்பூரிலும் 1999 இல் சென்னையிலும் கூடிய தமிழ் இணைய மாநாடுகள் இக்குழப்பத்தைத் தீர்க்க முற்பட்டன. சென்னை மாநாட்டையடுத்துத் தமிழக அரசு ‘தாம்’, ‘தாப்’ என்னும் குறிமுறைகளை ஏற்றது. உலகத் தமிழர்கள் மின்னஞ்சல் வழியே விவாதித்து உருவாக்கிய ‘திஸ்கி’ மற்றொன்றாகும். இவை ஒவ்வொன்றும் ஓரளவு வழக்கில் இருந்தன; எதுவும் பொதுத்தரமாக நிலைக்கவில்லை.

இத்தகைய நிலையில், 1997 இல் வெளிவந்த நான்காம் பதிப்புகளின் மூலம் இரு நிறுவனங்களும் ஒரு வசதியை அளித்தன. வாசகனின் கணினியில் எழுத்துரு இல்லாவிடினும், பக்கத்தோடு சேர்த்து அதனையும் அனுப்பிவைக்கலாம். தமிழ் வெளியீட்டாளருக்கு இது பெருவாய்ப்பாகத் தோன்றியது. ஆனால் நெட்ஸ்கேப்பின் முறை எக்ஸ்புளோரருக்குப் பொருந்தாது. எக்ஸ்புளோரரின் முறை நெட்ஸ்கேப்புக்குப் பொருந்தாது. இரு உலாவிகளின் வாசகரையும் பேண விரும்பியோர் ஒரே எழுத்துருவை இருவகையில் ஆக்க வேண்டியிருந்தது. 2000 நவம்பரில் வெளியான நெட்ஸ்கேப் 6 ஆம் பதிப்போ தனது பழைய முறையையே கைவிட்டது. அதன்பின் எக்ஸ்புளோரருக்கென மாத்திரம் ஆக்கப்பட்ட தமிழ்ப் பக்கங்கள் பெருகின. பிற்காலத்துப் பயர்பொக்ஸ், குரோம் முதலிய உலாவிகள் அம்முறையை ஏற்கவில்லை. இதன் விளைவாக, அக்காலத்துத் தமிழ்ப் பக்கங்களுள் எஞ்சியிருப்பவற்றுட் பல இன்று பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவைகளாகவே திறக்கின்றன.

ஏகபோகத்தின் இருபக்கம்

இதிலிருந்து எக்ஸ்புளோரரின் வெற்றி தமிழுக்கு முற்றிலும் தீங்காயிற்று என்று முடிவுகட்டுதல் பொருந்தாது. வரலாறு அத்துணை எளிதன்று. யுனிகோட் முறையில் ‘கொ’ என்னும் எழுத்து, ககரமாகவும் ஒகரக் குறியாகவும் இரண்டு குறிகளாலேயே சேமிக்கப்படுகிறது. திரையில் அக்குறி இரண்டாகப் பிரிந்து, கொம்பு முன்னும் கால் பின்னுமாக அமைய வேண்டும். இவ்வாறு எழுத்தைக் கோக்கும் பொறி இல்லாத கணினியில், குறிகள் தத்தம் இடத்தை விட்டுச் சிதறிக் காணப்படும். விண்டோஸ் 2000 இயங்குதளம் தமிழுக்கான அப்பொறியையும் ‘லதா’ என்னும் எழுத்துருவையும் கொண்டு வந்தது. பழைய விண்டோஸ் 98 கணினிகளிலும் எக்ஸ்புளோரர் 5.5 பதிப்பை நிறுவி, யுனிகோட் எழுத்துரு ஒன்றைச் சேர்த்தால் தமிழை வாசிக்க முடிந்தது. அறபு மொழியைப் பொறுத்தும் இதுவே நிலை. வலமிருந்து இடமாகச் செல்லும் எழுத்தை எக்ஸ்புளோரர் 5 ஒழுங்காகக் காட்டிய காலத்தில், நெட்ஸ்கேப்பின் நான்காம் பதிப்பு அவ்வசதியைக் கொண்டிருக்கவில்லை. அல்குர்ஆனின் மூலத்தையும் தமிழ் மொழிபெயர்ப்பையும் ஒரே பக்கத்தில் வாசிக்க விழைந்தவனுக்கு எக்ஸ்புளோரரைத் தெரிவுசெய்யத் தக்க காரணம் இருந்தது.

ஆனால் போட்டியாளன் ஒழிந்ததும் முன்னேற்றமும் நின்றது. எக்ஸ்புளோரரின் ஆறாம் பதிப்பு 2001 இல் வெளிவந்தது. ஏழாம் பதிப்பு 2006 ஒக்டோபரிலேயே வெளிவந்தது. இணையம் மிக விரைந்து வளர்ந்த ஐந்து ஆண்டுகளில் உலகின் முதன்மையான உலாவி பெரிய மாற்றமின்றியே இருந்தது. போட்டி இருந்தபோது தமிழும் அறபும் கவனிக்கப்பட்டமைக்குக் காரணம் அம்மொழிகளின்மீது கொண்ட பற்றன்று. புதிய வாசகரைத் தேடவேண்டிய தேவையேயாகும். அத்தேவை அற்றபோது கவனமும் அற்றது.

நெட்ஸ்கேப் தன் மூலநிரலை 1998 மார்ச்சில் பொதுவெளிக்கு வழங்கியிருந்தது. அவ்வித்திலிருந்து முளைத்ததே மொசில்லா இயக்கத்தின் பயர்பொக்ஸ். அதன் முதற்பதிப்பு 2004 நவம்பர் 9 ஆம் திகதி வெளியாயிற்று. சுதந்திர மென்பொருளாதலின், எவரும் அதனைத் தம் மொழிக்கு மாற்ற முடிந்தது. தமிழ்த் தன்னார்வலர்கள் அதன் பட்டியல்களையும் கட்டளைகளையும் தமிழாக்கினர். பொதுத் தமிழ்ப் பதிப்போடு இலங்கைத் தமிழுக்கெனத் தனிப்பதிப்பொன்றும் சிறிது காலம் வழக்கில் இருந்தது.

எனினும் பயர்பொக்ஸின் தொடக்கப் பதிப்புகள் தமிழ் வாசகனுக்குப் பெருஞ்சோதனையாகவே இருந்தன. பத்தியின் இரு ஓரங்களையும் சமப்படுத்தி அமைத்த பக்கங்களில் தமிழ் எழுத்துகள் உடைந்து, கொம்பும் விசிறியும் வெவ்வேறாகிக் கிடந்தன. எக்ஸ்புளோரரில் ஒழுங்காகத் தெரியும் பக்கம் பயர்பொக்ஸிற் சிதைந்து தெரிந்தமையால், பலர் விரும்பியும் அதற்கு மாற இயலவில்லை. 2008 யூன் 17 ஆம் திகதி வெளியான மூன்றாம் பதிப்பில் எழுத்தைக் கோக்கும் முறை புதிதாக ஆக்கப்பட்ட பின்னரே இக்குறை நீங்கியது. 2009 அளவில் பயர்பொக்ஸ் உலகப் பயன்பாட்டில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கை எட்டியது. அதே காலப்பகுதியில் இலங்கையில் தமிழுக்கான கணினித் தரம் 2008 இலும், தமிழகத்தில் யுனிகோட்டை ஏற்கும் அரசாணை 2010 இலும் வந்தன. பொதுத்தரமும் போட்டியும் ஒருங்கே நிலவிய இவ்வாண்டுகளே தமிழ் இணையத்தின் வளர்ச்சிக் காலம் எனலாம்.

கைத்தொலைபேசியின் வருகை

கணினித் திரையிற் போட்டி இவ்வாறு நிகழ, எமது கரையோரத்தின் பெரும்பாலானோர் இணையத்தைக் கைத்தொலைபேசி வழியாகவே அறிந்தனர். இங்கே போட்டியின் விதிகள் வேறாக இருந்தன. நோர்வே நாட்டு நிறுவனமான ஒபெரா 2006 ஜனவரியில் ‘ஒபெரா மினி’ என்னும் சிற்றுலாவியை உலகெங்கும் வெளியிட்டது. வாசகன் கேட்கும் பக்கத்தை ஒபெராவின் வழங்கிக் கணினி முதலிற் பெற்று, சுருக்கி, பின்னரே தொலைபேசிக்கு அனுப்பும். தரவுக்குக் காசு கொடுத்து எண்ணி எண்ணிச் செலவிடும் வாசகனுக்கு இது பேருதவியாயிற்று.

தமிழ் வாசகனுக்கோ அதில் இன்னொரு நன்மையும் மறைந்திருந்தது. அக்காலத்துத் தொலைபேசிகளிற் பெரும்பாலானவற்றில் தமிழ் எழுத்துரு இல்லை. தமிழ்ப் பக்கங்கள் வெறுங் கட்டங்களாகவே தெரிந்தன. ஒபெரா மினியின் முகவரிப் பகுதியில் ஒரு கட்டளையைத் தட்டினால் மறைவான அமைப்புப் பக்கமொன்று திறக்கும். அதன் அடியிற் சிக்கலான எழுத்துகளைப் படமாகக் காட்டுமாறு கேட்கும் தெரிவொன்று இருந்தது. அதனை ஏற்றுச் சேமித்தால், வழங்கிக் கணினியே தமிழ் எழுத்துகளைப் படமாக வரைந்து அனுப்பும். தமிழ் அறியாத தொலைபேசியில் இவ்வாறு தமிழ் தெரிந்தது. விளம்பரங்களில் இவ்வசதி முன்வைக்கப்படவில்லை. தமிழ் வலைப்பதிவுகளும் நண்பர்களின் வாய்மொழியுமே அதனைப் பரப்பின. இப்பண்பினால் ஒபெரா மினி பெற்ற வாசகரை எந்தச் சந்தைக் கணக்கும் தனித்துக் காட்டுவதில்லை.

சந்தைப் பங்கு என்னும் எண்ணைக் கையாள்வதில் எச்சரிக்கை வேண்டும் என்பதற்கு இது தக்க சான்றாகும். ஓர் அளவீட்டு நிறுவனம் திறக்கப்பட்ட பக்கங்களை எண்ணும். மற்றொன்று வந்துசென்ற ஆட்களை எண்ணும். ஒரே தொலைபேசியில் வீட்டார் பலர் வாசிப்பதை எதுவும் எண்ணுவதில்லை. வீதங்கள் போக்கைக் காட்டுவன, காரணத்தைக் காட்டுவனவல்ல.

ஒற்றை அச்சின் காலம்

கூகிள் நிறுவனம் குரோம் உலாவியை 2008 செப்டெம்பர் 2 ஆம் திகதி வெளியிட்டது. அதன் விரைவும் எளிமையும் மறுக்கவொண்ணாதவை. ஸ்டற்கவுண்டர் நிறுவனத்தின் கணக்கின்படி 2012 மே மாதத்தில் அது உலகளவில் எக்ஸ்புளோரரை முந்தியது. ஆயினும் அதன் நிலைபேற்றுக்கு அன்ட்ரொயிட் தொலைபேசியே பெருங்காரணமாயிற்று. அன்ட்ரொயிட்டின் தொடக்கப் பதிப்புகளில் தமிழ் எழுத்துரு இல்லாதிருந்து, பின்னர் அது சேர்க்கப்பட்டது. அதன்பின் படமாக எழுத்தை வரையும் உலாவிக்குத் தேவை குறைந்தது. தொலைபேசியோடு வரும் குரோமே போதுமாயிற்று. விண்டோஸோடு எக்ஸ்புளோரர் வந்த கதை மற்றொரு தளத்தில் மீண்டும் அரங்கேறியது.

2013 இல் ஒபெரா தன் சொந்தப் பொறியைக் கைவிட்டுக் குரோமின் பொறியை ஏற்றது. 2020 ஜனவரியில் மைக்ரோசொப்டின் ‘எட்ஜ்’ உலாவியும் அதே பொறிக்கு மாறியது. 2022 யூன் 15 ஆம் திகதி எக்ஸ்புளோரர் ஓய்வுபெற்றது. இன்று குரோம் மாத்திரம் உலகப் பயன்பாட்டில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைக் கொண்டுள்ளது. பயர்பொக்ஸின் பங்கு நூற்றுக்கு ஐந்திலும் குறைவு. அதனை நடத்தும் மொசில்லாவின் வருமானத்திற் பெரும்பகுதியும் கூகிளின் தேடற்பொறியை முதன்மையாக வைத்திருப்பதற்கெனக் கூகிள் வழங்கும் பணமேயாகும். பெயர்கள் பலவாக இருப்பினும் அச்சு ஒன்றே. மருதமுனைத் தறிகளில் நூல் மாற, நிறம் மாற, அச்சொன்று நிற்பின் நெசவின் அடர்த்தி மாறுவதில்லை, அதுபோன்றதே இதுவும்.

தேடற்பொறித் துறையில் கூகிள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைப் பேணியதென 2024 ஒகஸ்டில் அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா தீர்ப்பளித்தார். குரோமை விற்கச் செய்ய வேண்டுமென அரச தரப்பு கோரியது. 2025 செப்டெம்பரில் நீதிபதி அக்கோரிக்கையை ஏற்கவில்லை. கால் நூற்றாண்டுக்கு முன்னைய வழக்கின் முடிவோடு இதனை ஒப்புநோக்குவோர், நீதிமன்றின் வழியாகச் சந்தையின் வாயில் திறபடும் என்று பெரிதும் நம்பமாட்டார்கள்.

தமிழ் இன்று எல்லா உலாவிகளிலும் செவ்வையாகத் தெரிகிறதே, பின் என்ன கவலை என்று ஒருவர் வினவலாம். தெரிவது உண்மை. அது பொதுத்தரத்தின் வெற்றி. அத்தரத்தை உலாவிகள் கைக்கொள்ளச் செய்தது போட்டியின் வெற்றி. ஒரே பொறி எஞ்சும்போது, அப்பொறி செய்வதே தரமாகிவிடும் அபாயம் உண்டு. 2001 இலிருந்து 2006 வரையான தேக்கம் அதற்கு முன்னுதாரணம்.

முடிவாக

இலங்கை முஸ்லிம்களிடையே ஒரு காலத்தில் செழித்திருந்த அறபுத்தமிழை இவ்விடத்து எண்ணிப் பார்த்தல் தகும். தமிழ் மொழியை அறபு எழுத்திற் பொறித்த அந்நூல்கள் இன்றும் சில வீடுகளிலும் மத்ரஸாக்களிலும் உள்ளன. தாளும் மையும் அழியவில்லை. அவ்வெழுத்துமுறையைப் படிக்கும் பயிற்சியே அருகியது. படிப்பார் அருகியபோது நூல் இருந்தும் இல்லாததாயிற்று. பாமினியிலும் எக்ஸ்புளோரருக்கெனச் சமைத்த எழுத்துருக்களிலும் எழுதப்பட்டவை அந்நிலையை நோக்கி இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்குள்ளேயே சென்றுள்ளன. அறபுத்தமிழ் வழக்கருகத் தலைமுறைகள் சென்றன. ஒரு நிறுவனத்தின் கருவியோடு பிணைந்த எழுத்து வழக்கொழிய ஒரு பதிப்பு மாற்றம் போதுமாயிற்று.

இவ்வரலாறு எமக்குணர்த்தும் கடமைகள் பெரியனவல்ல, செய்யத்தக்கவையே. முதலாவது, பழைய குறிமுறைகளிற் கிடக்கும் ஆய்வேடுகள், மலர்கள், சங்க அறிக்கைகள் ஆகியவற்றை யுனிகோட்டுக்கு மாற்றுதல். அதற்கான மாற்றிகள் இணையத்தில் இலவசமாகவே உள்ளன; மாற்றியபின் ஒருமுறை ஒப்புநோக்கித் திருத்தும் உழைப்பே வேண்டப்படுவது. 2005 முதல் ஈழத்துத் தமிழ் நூல்களை மின்வடிவிற் பேணிவரும் நூலகம் நிறுவனத்துக்கு அவற்றை வழங்கினால், அவை எமது பிரதேசத்தைத் தாண்டியும் பயன்படும். இரண்டாவது, எமது இணையப் பக்கங்களைக் குரோமில் மாத்திரமன்றிப் பயர்பொக்ஸிலும் திறந்து சரிபார்த்தல். மூன்றாவது, தமிழோ அறபோ பிழையாகத் தெரியும் இடங்களை உலாவி ஆக்குவோருக்கு அறிவித்தல். பயர்பொக்ஸின் பழைய குறை நீங்குமுன் அதனை எடுத்துரைக்கத் தமிழ் வாசகர் இருந்தனர் என்பதை மறத்தலாகாது.

தமிழ்ச் சங்கத்தின் முன்னைய மலர்களைத் தட்டச்சிட்ட கணினிக் கோப்புகள் எங்கேனும் பாமினியில் எஞ்சியிருக்குமாயின், இப்பணியை அவற்றிலிருந்தே தொடங்கலாம். அவற்றைத் திறந்து வாசிக்கத் தெரிந்தோர் எம்மிடையே இருக்கும்போதே அது செய்யப்படல் வேண்டும்.